காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா? ஊற்றுக்கண்ணைத் தேடிப்பிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வாசல் தெளிக்க வந்த அம்மாதான் முதலில் பார்த்தார். இரவு கார் நின்ற இடத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கரும்புள்ளி. "உன் வண்டி ஒழுகுதுடா" என்றார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் இரண்டு புள்ளிகள். அடுத்த வாரம் சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக லேசாகத் தீய்ந்த வாடை வந்தது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். வண்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் நனைந்திருந்தது. "பின்னாடி கிராங்க் சீல் போயிருக்கு சார். கியர்பாக்ஸை இறக்கணும். இறக்கறதோட கிளட்சையும் மாத்திடலாம்" என்று ஐந்திலக்கத் தொகை ஒன்றைச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, என்ஜினை நன்றாகத் துடைத்துவிட்டு, டார்ச்சும் கையுமாக இரண்டு நாள் உட்கார்ந்தேன். கிராங்க் சீலில், அதாவது சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையத்தில், ஒரு குறையும் இல்லை. என்ஜினின் உச்சியில் இருக்கும் டேப்பட் கவரின் பேக்கிங், அதாவது மூட்டை அடைக்கும் ரப்பர் பட்டை, பின்பக்க விளிம்பில் விறைத்துப்போய் இடைவெளி விட்டிருந்தது. அங்கே கசிந்த ஆயில் என்ஜினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் மூட்டில் தேங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய் ரப்பரோடும் ஒரு ஞாயிறு மதியத்தோடும் வேலை முடிந்தது.

அந்த மெக்கானிக் ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆயில் சொட்டிய இடத்தை அவர் சரியாகத்தான் காட்டினார். அது எங்கிருந்து புறப்பட்டது என்று மட்டும் பார்க்கவில்லை. ஆயில் கசிவு வேலையில் முக்கால் பங்கு தேடுவதுதான், ஸ்பானர் பிடிப்பது மிச்சக் கால் பங்கு. இந்த வழிகாட்டியும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். நான் மனதில் வைத்து எழுதுவது நம் ஊரில் அதிகம் ஓடும் நான்கு சிலிண்டர் சிறிய பெட்ரோல் காரை. மற்ற வண்டிகளிலும் தேடும் முறை இதுவே, கழற்றும் வரிசை மட்டும் மாறும்.

முதலில், அது ஆயில்தானா?

இரவு நிறுத்தும்போது என்ஜினுக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். டிவி, ஃபிரிட்ஜ் வந்த பெட்டி போதும். முன்சக்கரங்கள் எங்கே வருகின்றன, பம்பர் எங்கே வருகிறது என்று பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். காலையில் சொட்டு விழுந்த இடத்தைப் பார்த்தால், வண்டியின் இடதா வலதா, பெல்ட் பக்கமா கியர்பாக்ஸ் பக்கமா என்று தெரிந்துவிடும்.

சொட்டை விரலில் தொட்டுப் பாருங்கள். என்ஜின் ஆயில் புதிதென்றால் தேன் நிறம், பழையதென்றால் பழுப்பு அல்லது கறுப்பு, தேய்த்தால் வழுவழுக்கும். நிறமும் வாடையும் இல்லாமல் இருந்தால் அது ஏசி தண்ணீர், கவலை வேண்டாம். பச்சையோ சிவப்போ நீலமோ கலந்து லேசான இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். கந்தகம் போலக் குமட்டும் நெடி என்றால் கியர் ஆயில். சக்கரத்துக்கு அருகே வெளிர் மஞ்சளாக, நீர்த்த பதத்தில் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அது பெயின்ட்டை அரிக்கும், கையைக் கழுவாமல் பானெட்டைத் தொடவும் வேண்டாம்.

எவ்வளவு அவசரம்?

நான் மூன்றாகப் பிரிப்பேன். கசிவு, சொட்டு, ஒழுக்கு. மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து அதன்மேல் புழுதி ஒட்டியிருக்கிறது, ஆனால் தரையில் எதுவும் விழவில்லை என்றால் அது கசிவு. பத்து வயதான காரில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அட்டையில் தினமும் புள்ளி விழுந்தால் சொட்டு, சில வாரங்களுக்குள் சரிசெய்ய வேண்டும். வண்டியை எடுத்ததும் தரையில் குட்டை தெரிந்தால், அல்லது ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்து புகை வந்தால், அது ஒழுக்கு. எக்ஸாஸ்ட் மேல் விழும் ஆயில் தீப்பிடிக்கக்கூடியது. அந்த நிலையில் வண்டியை ஓட்டவே வேண்டாம்.

எந்த நிலையானாலும் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து சில நிமிடங்கள் விட்டு, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி முழுதாக உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் தெரிய வேண்டும். பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு லிட்டர் அளவில்தான் இருக்கும். சிறிய என்ஜினில் மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம். ஓடும்போது டேஷ்போர்டில் எண்ணெய்க் குடம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், வீடு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் என்று ஓட்டிவிடாதீர்கள். ஓரம்கட்டி உடனே அணையுங்கள். அந்த விளக்கு காட்டுவது ஆயில் அளவை அல்ல, அழுத்தத்தை. அழுத்தம் இல்லாமல் ஓடினால் பேரிங்குகள் அரைபட அதிக நேரம் ஆகாது.

துடைக்காமல் தேடாதீர்கள்

ஆயில் கீழ்நோக்கி ஓடும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். அதனால் நனைந்த பரப்பு எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். அதில் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் ஈரப் புள்ளியைக் கண்டுபிடிப்பதே நம் வேலை. மாதக்கணக்கில் படிந்த பிசுக்கு இருக்கும்போது அது முடியாது.

என்ஜின் ஆறியபின் டிகிரீசர் ஸ்பிரே அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் முழுதாகக் காய்ந்து வாடை போகும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. வாட்டர் வாஷில் கொடுத்து பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காத வழி. ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், வயர் சாக்கெட் இவற்றுக்குள் தண்ணீர் புகுந்து, ஒரு வேலை இரண்டு வேலையாகிவிடும்.

துடைத்தபின் சந்தேகப்படும் மூட்டுகளைச் சுற்றி டால்கம் பவுடரை லேசாகத் தூவுங்கள், பெல்ட் ஓடும் பக்கத்தைத் தவிர்த்து. சிரிக்க வேண்டாம், இது நன்றாகவே வேலை செய்யும். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, அணைத்துப் பார்த்தால், வெள்ளைப் பவுடரில் ஆயில் புறப்பட்ட இடம் பழுப்புக் கோடாகத் தெரியும். அதிலும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் யூவி டை கிடைக்கிறது. ஊற்றி, ஓரிரு நாள் ஓட்டி, இரவில் யூவி டார்ச் அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

என்ஜினின் பின்பக்கம் தலையை விட்டுப் பார்க்க முடியாது. அதற்குச் செல்போன்தான் சிறந்த கருவி. ஃபிளாஷை எரியவிட்டு, வீடியோவை ஓடவிட்டு, கையை மட்டும் உள்ளே நீட்டி மெதுவாக நகர்த்துங்கள். என் வண்டியில் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது பன்னிரண்டு விநாடி வீடியோ ஒன்றுதான். என்ஜின் அணைந்திருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சாவியை எடுத்தபின்னும் சில வண்டிகளில் தானாகச் சுற்றும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேலிருந்து கீழே இறங்குங்கள்

ஆயில் ஊற்றும் மூடியில் தொடங்குங்கள். அதன் ரப்பர் வளையம் விறைத்திருந்தால் மூடியைச் சுற்றி நனையும். அடுத்தது டேப்பட் கவரின் நான்கு விளிம்புகள். பழைய கார்களில் அதிகம் கசிவது இங்கேதான். ரப்பர் பல ஆண்டுகள் வெந்து வெந்து பிளாஸ்டிக் போல விறைத்துவிடும். இதோடு ஸ்பார்க் பிளக் குழிகளையும் பார்க்க வேண்டும். பிளக்கின்மேல் செருகியிருக்கும் இக்னிஷன் காயில் ஒன்றை உருவினால் அதன் நுனியில் ஆயில் பூசியிருக்கிறதா? அப்படியென்றால் குழியைச் சுற்றியுள்ள சீல் போய்விட்டது. இந்த ஆயில் வெளியே வராது, ஆனால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கும்.

கொஞ்சம் கீழே ஆயில் பிரஷர் சுவிட்ச். விரல் நுனி அளவுதான் இருக்கும், ஒரு வயர் செருகியிருக்கும். சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே ஆயில் இருந்தால் சுவிட்சையே மாற்ற வேண்டியதுதான். அதன் கீழே ஆயில் ஃபில்டர். சமீபத்தில் சர்வீஸ் செய்தபின் ஒழுக்கு தொடங்கியதா? அப்படியானால் முதல் சந்தேகம் இங்கேதான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது ஃபில்டரைப் பூட்டிவிட்டால் இரண்டு வளையமும் சேர்ந்து பிதுங்கி ஒழுகும்.

அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப், நம் மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்பது. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்கள் இதைத் தட்டாமல் விடுவதில்லை. நசுங்கல், விரிசல் இருக்கிறதா, ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் போல்ட்டின் நுனியில் சொட்டு தொங்குகிறதா என்று பாருங்கள். பெல்ட் இருக்கும் பக்கத்தில் கிராங்க் புல்லிக்குப் பின்னால் முன் சீல். அது போனால் சுழலும் புல்லி ஆயிலை வட்டமாக விசிறியடிக்கும், பக்கத்துச் சுவரில் ஒரு கோடு போலத் தெரியும். கடைசியாகத்தான் பின் கிராங்க் சீல். மேலே சொன்ன அத்தனையும் காய்ந்திருந்து, கியர்பாக்ஸ் மூட்டின் அடியில் மட்டும் ஈரம் என்றால்தான் அதன்மேல் பழி போடலாம். அப்போதும் முகர்ந்து பாருங்கள், கந்தக நெடி அடித்தால் அது கியர்பாக்ஸின் சீல்.

இதற்கு வண்டியின் அடியில் போக வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஹாண்ட் பிரேக், பின்சக்கரத்துக்குக் கட்டை, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. இவை இல்லையென்றால் பக்கத்தில் பள்ளமோ லிஃப்ட்டோ உள்ள கடையில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொள்வது மேல்.

பேக்கிங் வாங்கும் முன் ஒரு சோதனை

பிஸ்டனைத் தாண்டிக் கீழே வரும் புகையை இழுத்து மறுபடி என்ஜினுக்கே எரிக்கக் கொடுப்பது பிசிவி வால்வு. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான மூட்டு வழியாக ஆயிலைப் பிதுக்கும். காரணத்தை விட்டுவிட்டுப் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துப் பாருங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. படபடவென்று வெளியே தள்ளினால் பிசிவி அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. பல வண்டிகளில் வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் புதிது போடுங்கள். விலை அதிகமில்லை.

டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றுவது

வேண்டியவை: 10 எம்.எம். சாக்கெட், நீட்டிப்பு, ராச்செட், அளவு பார்த்து இறுக்கும் சிறிய டார்க் ரெஞ்ச், பிளாஸ்டிக் சுரண்டி, பிரேக் கிளீனர், நூல் பிரியாத துணி, கேஸ்கெட் சிலிக்கான். நம் பக்கம் எந்தக் கம்பெனிச் சிலிக்கானாக இருந்தாலும் அனபாண்ட் என்று கேட்டால்தான் கடைக்காரருக்குப் புரியும். பேக்கிங்கையும் பிளக் குழி சீல்களையும் சேர்த்தே வாங்குங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணைக் காட்டி, கம்பெனி பாகமாகவே வாங்குவது நல்லது. சென்னைக்காரர்களுக்கு உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோடு இருக்கவே இருக்கிறது. ஆனால் பாதி விலைக்குக் கிடைக்கும் பேக்கிங்கில் மிச்சம் பிடித்தால் இதே வேலையை இரண்டாம் முறை செய்யப் பழகிக்கொள்வீர்கள்.

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். எதையும் தொடும் முன் நான்கைந்து கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டி, அதன் குழாய். கவரில் செருகியிருக்கும் ரப்பர் ஹோஸ்களை நேராக இழுக்காமல், முதலில் முறுக்கி இளக்கிவிட்டு உருவுங்கள். காயில் சாக்கெட்டுகளின் பூட்டு வெப்பத்தில் நொறுங்கும் பதத்தில் இருக்கும், பொறுமையாக அழுத்தி எடுங்கள். காயில்களை 1, 2, 3, 4 என்று எழுதி வரிசையாக வையுங்கள். குழியில் ஆயில் தேங்கியிருந்தால் துணி விட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அதைச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும்.

கவரைச் சுற்றியுள்ள புழுதியைத் துடைத்துவிட்டு, போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். எண்ணி வையுங்கள். பின்பக்கத்தில் ஒன்று ஒளிந்திருக்கும், அதை விட்டுவிட்டுக் கவரை நெம்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. எல்லாம் கழன்றும் வரவில்லை என்றால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். மூட்டுக்குள் ஸ்குரூ டிரைவரைச் செருகாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் புது பேக்கிங்கும் அங்கே கசியும்.

கவரைத் தூக்கியதும் கேம் ஷாஃப்ட் தெரியும். உடனே டைமிங் செயின் இருக்கும் பள்ளத்தைச் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு போல்ட் அதற்குள் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை வேலை மாதக் கடைசி வேலையாகிவிடும். பழைய பேக்கிங்கை உருவி, புதியதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடையது தட்டையாகி, மடக்கியபோது அப்பளம் போல ஒடிந்தது.

இரண்டு பரப்புகளையும் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். கவரின் விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால் பேக்கிங் மாற்றிப் பயனில்லை, கவரே மாற்ற வேண்டும்.

புது பேக்கிங்கை மூலைகளில் முதலில் அழுத்திவிட்டு, பிறகு நேர்ப்பகுதிகளைப் பள்ளத்தில் உட்கார வையுங்கள். இழுத்து நீட்டக் கூடாது. இனி சிலிக்கான். பேக்கிங் முழுக்கப் பூசுவது பலருக்கும் பழக்கம், ஆனால் ரப்பர் பேக்கிங்குக்கு அது தேவையில்லை. டைமிங் செயினை மூடும் கவரும், டேப்பட் கவர் உட்காரும் ஹெட்டும் சந்திக்கும் மூட்டுகளில் மட்டும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பொட்டு போதும். அதிகம் வைத்தால் உள்ளே பிதுங்கி, பின்னால் உதிர்ந்து, சம்ப்பில் இருக்கும் ஆயில் வடிகட்டியை அடைக்கும். கசிவைச் சரிசெய்யப் போய் என்ஜினைச் சாகடித்த கதைகள் இப்படித்தான் தொடங்கும்.

துணியை எடுத்துவிட்டீர்களா? இன்னொரு முறை பாருங்கள். கவரை நேராக இறக்கி, விளிம்பைச் சுற்றி விரலால் தடவி, பின்பக்கத்தைச் செல்போனால் பார்த்து, பேக்கிங் பள்ளத்தை விட்டு நழுவவில்லை என்று உறுதி செய்யுங்கள். எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் பூட்டி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள். இவை தண்டு 6 எம்.எம். தடிமனுள்ள சிறிய போல்ட்டுகள், பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கம்தான் கேட்கும். உங்கள் வண்டியின் சரியான அளவைச் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் அது மணிக்கட்டின் பலம்தான், தோளின் பலம் அல்ல. கசியுதே என்று இன்னும் ஒரு திருகு கொடுத்தால் பேக்கிங் பிதுங்கும், கவரில் விரிசல் விழும், அல்லது அலுமினிய ஹெட்டில் மரை போகும்.

மற்றவற்றைப் பிரித்த வரிசைக்கு எதிராகப் பூட்டுங்கள். சிலிக்கான் டியூபில் எத்தனை மணி நேரம் காயவிடச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவு விடுங்கள். நான் ஓர் இரவு முழுக்க விடுவேன்.

மற்ற இடங்கள்

ட்ரெயின் போல்ட்டில் கசிந்தால் அடுத்த ஆயில் மாற்றும்போது வாஷரை மாற்றுங்கள். செம்பு, அலுமினிய வாஷர்கள் ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கானவை. ஃபில்டரை மாற்றும்போது ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, வளையம் தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். ஃபில்டரின் மேலேயே அளவு அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். முன் கிராங்க் சீலுக்குப் புல்லியை உருவும் கருவி வேண்டும், வீட்டு வேலை அல்ல. உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட் இருந்து அதில் ஆயில் பட்டிருந்தால் சீலோடு பெல்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பின் கிராங்க் சீலை ஒர்க்‌ஷாப்பில் மட்டும்தான் செய்யலாம். ஆனால் ஒன்று, கியர்பாக்ஸ் இறங்கும்போது கிளட்சைப் பார்த்துவிடச் சொன்ன என் மெக்கானிக் அந்த விஷயத்தில் சரிதான். லேபரில் பாதிக்குமேல் இறக்கி ஏற்றுவதற்கே போய்விடுகிறது.

ஆயிலில் ஊற்றினால் கசிவு நின்றுவிடும் என்று விற்கும் பாட்டில்களைப் பற்றியும் கேட்பார்கள். அவை செய்வது விறைத்த ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து உப்பவைப்பது. வயதான சீலில் சில மாதம் ஓட்டலாம். ஒடிந்த பேக்கிங்கையோ விரிசல் விட்ட சம்ப்பையோ அது ஒன்றும் செய்யாது.

ஸ்டார்ட் செய்தபின்

ஆயில் அளவைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸாஸ்ட் மேல் பழைய ஆயில் மிச்சம் இருந்தால் முதல் சில நிமிடம் லேசாகப் புகையும், அது அடங்கிவிடும். அடங்காமல் கூடினால் அணைத்துவிட்டுத் தேடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து செல்போன் வீடியோ மறுபடியும். பிறகு 500 கிலோமீட்டரில் டிப் ஸ்டிக். போல்ட்டுகளை மறுபடி இறுக்கத் தோன்றும், வேண்டாம்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். பழைய ஆயில் சட்டப்படியே அபாயகரக் கழிவு. மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

அட்டையை மட்டும் இன்னும் ஒரு வாரம் எடுக்காதீர்கள். பழைய புள்ளிகளைப் பேனாவால் வட்டமிட்டு வைத்தால், புதிது ஏதும் விழுந்தால் காலையில் தனியாகத் தெரியும்.